உள்ளே கூப்பிடாத ஞாயிறுகள்

எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. நான் கத்தோலிக்கக் குடும்பம். அவர் திருச்சுழிப் பக்கத்து இந்துக் குடும்பம். கையெழுத்துப் போடும் முன்பே நான் ஒரு நிபந்தனை விதித்தேன். "ஒங்க சாமி ஒங்களுக்கு, என் சாமி எனக்கு. யாரும் யாரையும் இழுக்கக் கூடாது." மதம் மாற்றத்தான் வளைத்துப் போட்டாள் என்று அவர் வீட்டார் சொல்லிவிடக் கூடாதே என்ற ரோஷம் எனக்கு. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பாளையம்பட்டியில் குடியேறினோம். அவர் விசைத்தறிகளுக்கு நூல் லோடு அடிக்கும் மினி வேன் ஓட்டினார். வாரம் முழுக்க அலைந்தவர் ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம். தூங்க மாட்டார். என்னை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும் வரை எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எங்கள் கோயிலுக்கு வெளியேயும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. உள்ளே இருக்கிற நான் பிரசங்கத்தில் கண் அயர்ந்துவிடுவேன். வெளியே இருக்கிற அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் என்னைக் கேள்வி கேட்பார்.

ஒருமுறை, நாலு நாள் கல்லறையில் கிடந்தவனை இயேசு எழுப்பிய கதை. "எந்திரிச்சு வந்தவன் பெறகு ஒரு நா சாகத்தான செஞ்சிருப்பான்? ரெண்டு சாவு. பாவம்ல அவன்?" என்றார்.

"ஒங்களுக்கு எல்லாத்துலயும் நக்கல்தான்" என்று முதுகில் ஒன்று வைத்தேன். இருபத்தாறு வருடம் இப்படியே போனது.

மூன்று வருடத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு தப்பிவிட்டது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார் டாக்டர்.

சாவை நினைத்து நான் பயப்படவில்லை. கடைசி நாளில் எல்லோரும் உடலோடு எழுவோம் என்று நம்புகிறவள் நான். ஆனால், ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு மோட்சம் இல்லை என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனதில் ஏற்றியிருந்தார்கள். நான் எழுந்து பக்கத்தில் பார்க்கும்போது இவர் இல்லையென்றால்? அந்த மோட்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அதே வகுப்பில் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாகக் கிடப்பவருக்கு, அவசரமென்றால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் விட்டார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் தண்ணீர் பாட்டிலின் மூடியில் பிடித்து, மூன்று முறை அவர் நெற்றியில் ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரை முணுமுணுத்தேன். வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டுத் திருடி மாதிரி வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் அவர் கண் விழித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா, நானும் எந்திரிச்சு வந்துட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தண்ணீர் ஊற்றிய நெற்றியில் அவர் தினமும் திருநீறு பூசிக்கொள்வதைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விடுவேன். நிபந்தனை போட்டவளே அதை மீறியிருக்கிறேன், அதுவும் அவருக்குத் தெரியாமல்.

தாங்க முடியாமல், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "அவரு விரும்பலைன்னா அது வெறும் தண்ணிதாம்மா" என்றார் ஃபாதர். பாவப் பரிகாரமாக ஐம்பது செபம் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். "அவருகிட்டப் போய்ச் சொல்லிரு. அதுதான் ஒனக்குப் பரிகாரம்" என்றார். செபமென்றால் அன்றைக்கே முடித்திருப்பேன். இதற்கு இரண்டு மாதம் ஆனது.

ஒரு மத்தியானம், மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"இருவத்தாறு வருசமா ஒன்னிய அந்த வாசல்ல எறக்கி விட்டேன். ஒரே ஒரு தடவ, 'உள்ள வாங்க'ன்னு என்னியக் கூப்பிட்டியா? நெனவு இருக்கையில கேக்கல. நெனவில்லாதப்பத் தண்ணிய ஊத்துற."

"யாரும் யாரையும் இழுக்கக் கூடாதுன்னு நெனச்சுத்தான்..."

"இழுக்கக் கூடாதுன்னுதான் சொன்ன. கூப்பிடக் கூடாதுன்னா சொன்ன?"

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஞாயிறும் என்னோடு வந்தார். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் டவுன் பஸ்ஸில் போனோம். வாசலில், "நான் இங்கன இருக்கேன், நீ போயிட்டு வா" என்றார். சொல்லிவிட்டு உடனே திரும்பவில்லை. கொஞ்சம் நின்றார். கூப்பிட வேண்டியதுதானே? எனக்கு நாக்கு எழவில்லை. அவர் சொல்லிக் காட்டியதால் கூப்பிட்டேன் என்று ஆகிவிடுமே என்ற பழைய ரோஷம், பாழாய்ப் போன ரோஷம். அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய அண்ணன் தம்பிகள் ஊருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். சாம்பலை ராமேஸ்வரம் கடலில் கரைத்தார்கள். எரித்துக் கரைத்தவர் எப்படி எழுவார் என்று ஃபாதரிடம் கேட்டேன். "கடவுளுக்குக் கல்லறையும் கடலும் ஒண்ணுதாம்மா" என்றார். நம்புகிறேன். அவர் எழுவார். இப்போது என் பயம் வேறு. கூப்பிடாத இடத்துக்குள் கால் வைக்கிற ஆள் இல்லை அவர். அங்கேயும் நான் உள்ளே போய்விட, அவர் வாசலிலேயே நின்றுவிடுவாரோ?

போன கல்லறைத் திருநாளில், இறந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். ஃபாதர் ஒவ்வொன்றாக வாசித்து வந்தார். அத்தனை கிறிஸ்தவப் பெயர்களுக்கு நடுவில் ஒரு முருகன் பெயர் வந்ததும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அவர் பெயர் ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கும் கேட்டிருக்கும். டீக்கடை பெஞ்சில் யாரும் இல்லை.

"உள்ள வாங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். கொஞ்ச நேரம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.