முனீஸ்வரியின் கோட்டும் கடைசி ஆளும்

எதிர்காலத்து மனிதர்கள் என்ன உடுத்துவார்கள் என்று பெருநகரங்களில் பெரிய படிப்பு படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டுக்குக் காலை ஐந்தரை மணிக்கு வந்திருந்தால் அந்தப் படிப்புச் செலவு மிச்சமாகியிருக்கும். முனீஸ்வரி அதை இரண்டு வருடமாக உடுத்திக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கோட்டின் வெளிப்பக்கம் யூரியா சாக்கு. உள்பக்கம் ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர். மழை உள்ளே வராமல் தடுப்பது தலைவரின் சிரிப்புதான். அவர் தொகுதிக்குச் செய்த நன்மைகளில் கண்ணுக்குத் தெரிவது இது ஒன்று. தலையை மூடும் தொப்பி, மெத்தை வந்த கண்ணாடிப் பிளாஸ்டிக் உறை. முதுகிலும் கையிலும், ரோடு போட வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன சட்டையிலிருந்து பிரித்த மினுங்கும் பட்டைகள். நெஞ்சில் செல்போனுக்கு ஒரு பை. தொப்பியின் உச்சியில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்படி, விட்டு விட்டு எரியும் சிவப்பு சைக்கிள் விளக்கு. அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க முழங்கால் வரை போடும் கால் உறைகளும் மூக்கை மறைக்கும் துணியும் சேர்ந்துவிட்டால், பார்ப்பவருக்கு வேற்றுக் கிரகத்திலிருந்து யாரோ ஏலக்காய் எடுக்க வந்தது போலிருக்கும்.

முனீஸ்வரி ஆறு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். கம்பெனி மூடிய பிறகு போடிக்கு வந்து மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவள் தைத்தால் யூரியா சாக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆசைக்காகத் தைத்ததல்ல அது. அவள் போகும் எஸ்டேட் போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் இருக்கிறது. எஸ்டேட் வாசல்வரை ஜீப்பு போகக் கூடாது. புகை பட்டால் செடிக்கு ஆகாதாம். மனிதர்கள் மேல் அடிக்கிற மருந்துப் புகை மட்டும் செடிக்கு ரொம்ப நல்லது. ஆகவே பதினாறு பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு கிலோமீட்டர் மெயின் ரோட்டின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். காலையிலும் மூடுபனி, மாலையிலும் மூடுபனி. நீட்டிய கை தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வரிசையில் கடைசியாக வந்த ஒரு பெண்ணை ஜீப்பு ஒன்று தட்டிவிட்டுப் போனது. அவள் இப்போது வேலைக்கு வருவதில்லை. எழுந்து நிற்பதே இல்லை.

அதற்குப் பிறகுதான் முனீஸ்வரி கோட்டைத் தைத்தாள். வரிசையின் கடைசி ஆள் அவள்தான் என்று ஆனது. மலையில் ஓடும் ஜீப்புக்காரர்களுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பின்னாலிருந்து வருபவர் சிவப்பைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார். அங்கிருந்து முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எதிரே வருபவர் ஆட்களைக் கண்டதும் பிரேக்கில் காலை வைப்பார். சிவப்பைத் தாண்டியதும் காலை எடுப்பார். “வால் போயாச்சு” என்பார்கள். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடாத சட்டம். அதனாலேயே ஒழுங்காக நடந்தது.

போன ஐப்பசியில் இனியவன் வந்தான். போடியில் தோப்பும் வயலும் உள்ள வீட்டுப் பையன். பெங்களூரில் ஆடை வடிவமைப்பு படித்துவிட்டு அங்கேயே தொழில் செய்பவன். காமிரா, குடை, விளக்கு, ஒரு மாடல் பெண் என்று பத்துப் பேரோடு மலைக்கு வந்திருந்தான். எஸ்டேட் வாசலில் முனீஸ்வரியைக் கண்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கா, இது சைபர்பங்க் அக்கா!”

“அது யாரு?”

“ஆளு இல்லக்கா. ஒரு ஸ்டைலு. எதிர்காலத்துல ஒரு ஊரு. ஒரே கம்பெனி ஊரையே ஆளும். எந்நேரமும் மழை, புகை. ஜனங்க மூஞ்சிய மெஷினு பாத்துக்கிட்டே இருக்கும். கெடச்ச ஒடசல் சாமானெல்லாம் ஒடம்புல மாட்டிக்கிட்டுத் திரிவாங்க.”

அப்போதுதான் எஸ்டேட் மேஸ்திரி செல்போனை நீட்டி, “முகம் காட்டு சேச்சி, வேகம்” என்று வருகை பதிந்துகொண்டிருந்தார். முனீஸ்வரி முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

“அந்த ஊருக்கு எந்த பஸ்சு தம்பி? நாங்க அங்கதான் சோலிக்குப் போறோமோன்னு ஒரு சந்தேகம்.”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இனியவனும் சிரித்தான். நல்ல சிரிப்பு, போடிப் பையன்தானே. ஒரு மணி நேரம் கோட்டைக் கொடுத்தால் போதும் என்று கேட்டான். தோட்டத்துக்குள் ஜீப்பு வராது, பகலில் கோட்டுக்குச் சோலி இல்லை. முனீஸ்வரி கழற்றிக் கொடுத்தாள்.

“மூணரைக்கு இதே கேட்டுக்குக் கொண்டாந்துரணும். எங்களுக்கு அதுதான் கண்ணு.”

“சத்தியமாக்கா.”

தமிழ்செல்வி மட்டும் முணுமுணுத்தாள். முனீஸ்வரியின் நாத்தனார் அவள். வரிசையில் முன்னால் நடப்பவள். “மதினி, இவன் பேச்சு வழவழன்னு இருக்கு.”

“போடிப் பய, ஏமாத்த மாட்டான்டி.”

அவள் செய்த தவறு இது ஒன்றுதான். ஊர்க்காரன் என்று நம்பியது.

மூன்றரைக்கு வாசலில் யாரும் இல்லை. நான்கு மணிக்கும் இல்லை. பனி இறங்கிவிட்டது. இன்னும் நின்றால் ஜீப்பு போய்விடும். பதினாறு பேரும் விளக்கில்லாமல் ரோட்டில் இறங்கினார்கள்.

இனியவன் ஏமாற்றவில்லை. அதைவிட மோசமானதைச் செய்திருந்தான், மறந்துவிட்டான். பகல் முழுதும் நல்ல வெயில். எதிர்காலத்துக்குப் பனி போதவில்லை. ஆகவே குழுவினர் டீ குடித்து, முட்டை போண்டா தின்று, பனிக்காகக் காத்திருந்தார்கள். நான்கு மணிக்குப் பனி வந்தது. அதே ரோட்டில், ஜீப்பு நிற்கும் இடத்துக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் உள்ள கொண்டை ஊசி வளைவில், வண்டிக்கு வழி விட்டு, பத்துப் பேரும் ஓரமாக வரிசை கட்டி நின்றார்கள். வரிசையின் கடைசியில் மாடல் பெண். அவள் தலையில் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

எதிரே பேச்சிமுத்து ஜீப்பை ஓட்டிவந்தார். இருபது வருடமாக அந்த மலையில் வண்டி ஓட்டுபவர். பனியில் ஆட்கள் தெரிந்ததும் பிரேக்கில் கால் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என ஆட்கள் கடந்தார்கள். கடைசியில் சிவப்பு. வால் போயாச்சு. காலை எடுத்தார்.

அடுத்த வளைவில் தமிழ்செல்வி நின்றாள்.

வண்டி நின்றுவிட்டது, அது பேச்சிமுத்துவின் கைப்பழக்கம். ஆனால் பக்கக் கண்ணாடி அவள் தோளில் பட்டு, அவளை ஓரத்து ஓடைக்குள் தூக்கிப் போட்டது. இடது மணிக்கட்டு ஒடிந்த சத்தம் முனீஸ்வரிக்குக் கேட்டது. வரிசையின் மறுகோடியில் நின்றிருந்தாலும் கேட்டது என்றே இன்றும் சொல்கிறாள்.

பேச்சிமுத்து இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “செவப்பத் தாண்டித்தானே ஆத்தா வந்தேன்! வால் போயிருச்சுன்னுதானே கால எடுத்தேன்! நீங்க எங்கெருந்து வந்தீங்க?”

முனீஸ்வரிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தமிழ்செல்வியை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு வளைவை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்று எழுதுவது மரியாதைக்காக.

“மூணரைக்குக் கேட்டுக்குக் கொண்டான்னு சொன்னேனா இல்லையாடா?”

“அக்கா, இப்பத்தான் பனியே செட்டாச்சு. அஞ்சே நிமிஷம்...”

“அங்க ஒருத்தி கை ஒடிஞ்சு கெடக்கா.”

இனியவன் முகம் வெளுத்தது. பிறகு படித்தவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்தது. “நாங்க ஓரமாத்தானக்கா நின்னோம்?”

முனீஸ்வரி அவனைத் தாண்டிப் போனாள். மாடல் பெண்ணின் மேலிருந்து கோட்டைக் கழற்றினாள். அந்தப் பெண் தானே கைகளைத் தூக்கிக் கொடுத்தாள். அப்போதுதான் முனீஸ்வரி கவனித்தாள்: கைப்பட்டைகளைக் காணவில்லை. முதுகுப் பட்டையையும் காணவில்லை. கீழ் ஓரம் பிளேடால் கிழித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது.

“இது என்னடா?”

“கொஞ்சம் நைஞ்ச மாதிரி இருந்தாத்தானக்கா அந்த லுக்கு வரும்...”

“நையுறதுக்கு நாங்க பத்தாதாடா? சாக்கையும் கிழிக்கணுமா?”

சட் சட் என்று சத்தம் கேட்டது. காமிராக்காரர் கடமையில் கண்ணாக இருந்தார்.

அந்தப் படம்தான் இணையத்தில் ஓடியது. பனிக்குள் கிழிந்த கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து நிற்கும் முனீஸ்வரி. கீழே ‘கோபம் — மலைத் தொகுப்பு’ என்று பெயர். லட்சக்கணக்கானோர் இதயம் போட்டார்கள். தமிழ்செல்வியின் மணிக்கட்டுக்கு யாரும் ஒன்றும் போடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு மட்டும் போட்டார்கள்.

மார்கழியில் இனியவன் போனில் கூப்பிட்டான். பெங்களூரில் மேடையேற்றம், நீங்கதான் இந்தத் தொகுப்பின் உயிர், வந்து நின்றால் போதும் என்றான்.

“தமிழ்செல்வியக் கூட்டிட்டுப் போ. கட்டு வெள்ள வெளேர்னு இருக்கு. நைஞ்ச லுக்கும் நல்லா வரும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் இது வெறும் வயிற்றெரிச்சல். முடியவில்லை. படம் பார்த்தவர்கள் போடிமெட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோர் மேலும், சாக்குபோலவே தெரியும், ஆனால் சாக்கு இல்லாத கோட்டு. கிழித்தே விற்கப்படும் ஓரம். தொப்பி உச்சியில் சிவப்பு விளக்கு. பனி இறங்கியதும் வளைவில் நின்று ஒருவரை ஒருவர் படமெடுத்துக்கொண்டார்கள். இனியவன் நடுவில் புகுந்து தடுத்ததாகத் தகவல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பேச்சிமுத்து ஜீப் ஸ்டாண்டில் முனீஸ்வரியைத் தேடி வந்தார்.

“ஞாயித்துக்கெழம பதினோரு வாலு எண்ணுனேன் ஆத்தா. ஒரு தலையக் காணோம். இனிமே எந்தச் செவப்ப நம்பி நான் கால எடுக்குறது?”

முனீஸ்வரி அங்கேயே உட்கார்ந்தாள். இரண்டு வருடம் ஒருவரும் சாகாமல் காத்த விளக்கு அது. கோட்டை மடியில் போட்டு, பிளேடை எடுத்து, விளக்கின் தையலைப் பிரித்தாள். பிரித்த விளக்கைப் பேச்சிமுத்துவின் கையில் வைத்தாள்.

“இத உங்க வண்டியில மாட்டிக்கங்கண்ணே. எங்களுக்கு வேற வெச்சுக்கிறோம். வெரசா மத்த டிரைவருகளையும் கூப்பிடுங்க. ஒருத்தர் விடாம.”

ஸ்டாண்டின் மூலையில் ஜீப்புக்காரர்கள் கூடினார்கள். அவள் ஏதோ சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். செல்போனை வெளியே எடுத்த ஒருவரை மட்டும் முறைத்தாள். அவர் உள்ளே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வரிசைக்குப் புதிய அடையாளம் இருக்கிறது. மலையில் ஓடும் எல்லா ஜீப்புக்காரர்களுக்கும் தெரியும். தமிழ்செல்வி கட்டுப் பிரித்து வேலைக்கு வந்துவிட்டாள். பழையபடி முன்னால் நடக்கிறாள். அந்த அடையாளம் என்ன நிறம், கோட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, கோட்டில்தான் இருக்கிறதா என்றெல்லாம் முனீஸ்வரியிடம் கேட்டதற்கு, அவள் கேட்ட ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எழுதுறதுக்கா கேக்குற?”

“ஆமா.”

“அப்பச் சொல்ல மாட்டேன். போயி ஒன் சோலியப் பாரு.”