எங்கள் வியாழன் காலை, அவர்களின் வியாழன் மாலை

வியாழக்கிழமைகளில் நான் வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போகிறேன். மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதியது எந்த இடத்தில் உடையும் என்று யோசித்துப் பட்டியல் போடுவதுதான் என் தொழில். அந்த ஒன்றரை மணித்தியாலத்தை ரொறன்ரோவில் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பாடசாலையின் ஐந்தாம் வகுப்பில் செலவிடுகிறேன். அக்காவின் மகள் அங்கே படிக்கிறாள். செப்டெம்பர் தொடங்கி ஒரு வாரத்துக்குள் அவள்தான் என்னை மாட்டிவிட்டாள்.

"சித்தி, எங்கட மிஸ்ஸுக்கு டெக் ஹெல்ப் வேணுமாம். நான் உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலா?"

"நீங்கள் ஓம் எண்டுதானே சொல்லுவீங்கள். வை வேஸ்ட் டைம்?"

சொல்லியிருப்பேன்தான்.

ஆசிரியை ஸ்கொட்லாந்துக்காரி. ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடம். அவருடைய ஆங்கிலத்துக்கு என் காது பழகவே இரண்டு வாரம் எடுத்தது. பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். ஸ்கொட்லாந்தில் படிப்பித்த காலத்தில், பங்களாதேஷில் ஓர் ஆற்றங்கரை ஊர்ப் பாடசாலையோடு தன் வகுப்பை இணைத்திருந்தாராம். வருடத்துக்கு நான்கு முறை பெட்டி நிறையக் கடிதங்களும் படங்களும் போய்வரும். அவர் கனடாவுக்கு வந்ததும் அது நின்றுபோனது. ஆனால் அந்தப் பாடசாலையின் கணித ஆசிரியர் மட்டும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். அப்படி எழுதி எழுதித்தான், இந்த முறை கடிதத்துக்குப் பதிலாக நேரடியாகத் திரையில் பிள்ளைகளைச் சந்திக்க வைக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது.

ஒரேயொரு சிக்கல். பங்களாதேஷ் பாடசாலையின் அதிபர் மாறியிருந்தார். புதியவர் கண்டிப்பானவர். பாடசாலை நேரத்துக்கு வெளியே பிள்ளைகளைக் கூப்பிடுவதென்றால் பெற்றோருக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். அதனால் இரண்டு தடவை நடத்திப் பாருங்கள், அதற்குப் பிறகு இந்த வருடம் முழுவதும் வைப்பதா விடுவதா என்று சொல்கிறேன் என்றிருந்தார். ஆசிரியை இதை எனக்குச் சொன்னபோது கையில் இருந்த வெண்பலகைப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "ஒரு முறை நானே விட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது முறையும் இழக்க விருப்பமில்லை" என்றார்.

நான் வீட்டுக்குப் போய்ப் பட்டியல் போட்டேன். பதினேழு வரி. எங்கள் காலை எட்டு ஐம்பத்தைந்து என்றால் அவர்களுக்கு மாலை ஆறு ஐம்பத்தைந்து. மஃரிப் தொழுகை முடிந்திருக்கும். வியாழன் நல்ல நாள், ஏனென்றால் அங்கே வெள்ளி விடுமுறை. மின்சாரம் நின்றால் கணித ஆசிரியரின் கைபேசியில் தொடர்வது. ஒலிவாங்கி ஒன்று, அதற்கு மாற்று ஒன்று. எங்கள் பக்கத்தில் கெமராவுக்கு முன்னால் தரையில் நீல ஒட்டுநாடாவால் ஒரு பெருக்கல் குறி. பேசும் பிள்ளை வந்து அதில் நிற்கவேண்டும், பேசி முடிந்ததும் விலகவேண்டும். மற்றவர்கள் கெமராவில் விழக்கூடாது, பின்னணி சுத்தமாக இருந்தால் இணைப்புக்குப் பாரம் குறைவு. அவர்களுக்கு அனுப்பிய பிரதியில், "எல்லாப் பிள்ளைகளின் முகமும் தெரியவேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

முதல் நாள் எல்லாமே வேலை செய்தது. படம் தெளிவு, ஒலி தெளிவு. முப்பது சொச்சம் பிள்ளைகள் இரவு ஏழு மணிக்கும் சீருடையில், தலை வாரி, நான்கு வரிசையாக எழுந்து நின்றார்கள். ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். ஒரு முகமும் மற்றதை மறைக்கவில்லை. நான் மனதுக்குள் அந்த வரிக்கு எதிரே ஒரு சரி போட்டேன்.

பேச்சுப் பொருள்: பாடசாலையிலிருந்து பத்து நிமிட நடையில் என்னென்ன இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நீலக் குறியில் நின்று தாங்கள் வரைந்த வரைபடத்தைக் காட்டினார்கள். பிளாசா, பல் வைத்தியர், ரோல்ஸ் கடை, பஸ் தரிப்பிடம், இன்னொரு பிளாசா. ஆசிரியை எப்போதும்போல நின்றபடி வழிநடத்தினார். அவர் வகுப்பில் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. அந்தப் பக்கமிருந்தும் வரைபடங்கள் வந்தன. குளம், பள்ளிவாசல், தேநீர்க் கடை, படகுத் துறை. அழகான படங்கள். ஆனால் கேள்வி கேட்டால் ஒரு வசனத்துக்கு மேல் யாரும் பேசவில்லை.

"குளத்தில் நீந்துவீர்களா?"

"யெஸ், மிஸ்."

"ஆழமா?"

"யெஸ், மிஸ்."

நாற்பது நிமிடம் இப்படிப் போனது. முடிந்தபிறகு அக்காவின் மகள் உதட்டைப் பிதுக்கினாள். "சித்தி, தே ஆர் ஸோ சீரியஸ். ஒருத்தரும் சிரிக்கவே இல்லை. அவைக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ?"

"முதல் நாள்தானே அம்மா. வெக்கமாயிருக்கும்."

அடுத்த நாள் கணித ஆசிரியரிடமிருந்து மிகப் பணிவான ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லாம் சிறப்பாக இருந்தது. இயலுமானால் அடுத்த முறை சற்றுச் சுருக்கிக்கொள்ளலாமா? சிறிய பிள்ளைகள் சிலர் களைத்துவிட்டார்கள், இரண்டு பெற்றோர் அதிபரிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது சந்திப்புக்கு அதிபரே வருவார்.

ஆசிரியை அதை என்னிடம் வாசித்துக் காட்டினார். எனக்குப் பதற்றம் வருவதில்லை. பதற்றம் வரவேண்டிய இடத்தில் பட்டியல் வரும். களைப்பு என்றால் காரணம் நேரம் என்று முடிவெடுத்தேன். தொடக்கத்தைக் கால் மணித்தியாலம் முன்னே கொண்டுவந்தேன், நாற்பது நிமிடத்தை முப்பதாக்கினேன், கேள்விகளை முதலே எழுதி அனுப்பினேன். பதினேழு வரி இருபத்திரண்டாகியது. தொழிலில் எனக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு: கோளாறு எங்கே என்று பார்க்காமல் திருத்தத் தொடங்கினால், திருத்தியதெல்லாம் ஒழுங்காக இருக்கும், கோளாறும் அப்படியே இருக்கும். அன்றைக்கு அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது வியாழன். அதே நான்கு வரிசை, அதே சீருடை, அதே ஒரே குரல். புதிதாக, சுவரோரம் போட்ட கதிரையில் அதிபர் இருந்தார். கைகளை மடியில் கோத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியையின் கழுத்து சிவந்திருந்தது. கேள்விகள் தயாராக இருந்ததால் பதில்களும் தயாராக வந்தன. ஆனால் எல்லாமே மனனம் செய்தவை. இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். படம் இழுபடுகிறதோ என்று நான் இணைப்பின் வேகத்தைச் சரிபார்த்தேன். வேகம் நன்றாகத்தான் இருந்தது.

பத்து நிமிடம் போயிருக்கும். பாடசாலையைத் துப்புரவாக வைத்திருக்கும் அண்ணை கதவருகே வந்து நின்றார். மன்னார்க்காரர், காலையில் என்னைக் கண்டால் வம்பிழுக்காமல் விடமாட்டார். கையில் யன்னல் திரைக்கு மாட்டும் கொளுக்கி. ஒலிவாங்கிக்குக் கேட்காத தூரத்தில் நான் நின்றதால் கிட்ட வந்து மெல்லக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, உதுகளுக்கு என்ன பனிஷ்மெண்ட்?"

"பனிஷ்மெண்டோ? என்னண்ணை சொல்லுறீங்கள்?"

"நான் உந்தப் பக்கம் போகேக்கையும் நிண்டதுகள், திரும்பி வரேக்கையும் நிக்குதுகள். போன முறையும் கண்ணாடிக்குள்ளாலை பாத்தனான், நிண்டுகொண்டுதான் இருந்ததுகள். உங்கட ரீச்சர் இன்னும் இருக்கச் சொல்லேல்லையோ?"

நான் திரையைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால் உட்காரும் வாங்குகள் இருந்தன. முதல் நாளிலிருந்தே இருந்தன. நீண்ட, வெறும் வாங்குகள்.

"இவ்வளவு படிச்சனீர், கொம்பியூட்டர் எல்லாம் பூட்டுறீர்" என்றார் அண்ணை. "பள்ளிக்கூடம் போகேல்லையோ நீர்?"

போயிருந்தேன். நான்காம் வகுப்புவரை யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலையில் படித்தவள் நான். சிஸ்டர் உள்ளே வந்ததும் எழும்புவோம், வணக்கம் சொல்வோம், "இருங்கோ" என்று அவர் சொல்லும்வரை நிற்போம். ஒரு முறை சிஸ்டர் வாசலில் யாருடனோ கதைக்கப் போய்விட, பாதிப் பாடவேளை நின்றோம். எழும்பி நிற்பவர்களை இருக்கச் சொல்வது வந்தவரின் வேலை. வந்தவர் விருந்தாளியென்றால், அவரை மீறிச் சொந்த ஆசிரியர்கூடச் சொல்லமாட்டார். அங்கே அந்தக் கணித ஆசிரியரும் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் அவர்கள் கண்டது யாரை? நிற்கும் ஆசிரியையை. நீலக் குறியில் வந்து நிற்கும் பிள்ளைகளை. உட்கார்ந்த ஒரு மனிதரைக்கூட நான் அவர்களுக்குக் காட்டவில்லை. கனடாவில் வகுப்பென்றால் நின்றுதான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் ஆசிரியையின் பக்கத்தில் போய் ஒரு வரியில் சொன்னேன். "நீங்கள் உட்காரச் சொல்லும்வரை அவர்கள் நிற்பார்கள். போன முறையும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள்."

அவர் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கியது. ஸ்கொட்லாந்தில் எல்லாம் கடிதத்தோடு முடிந்ததால் இது அவருக்குத் தெரிய வாய்ப்பே இருந்ததில்லை. இரண்டு கைகளையும் விரித்தார். "ஐயோ பிள்ளைகளே, உட்காருங்கள். எல்லாரும் தயவுசெய்து உட்காருங்கள். சேர், நீங்களும்."

முப்பது பேரும் ஒரே நேரத்தில் வாங்குகளில் விழுந்த சத்தத்தில் எங்கள் ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள். இரண்டாவது வரிசைச் சிறுமி குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே ஏதோ சொல்ல, பக்கத்திலிருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

அடுத்து நான் செய்தது எந்தப் பட்டியலிலும் இல்லாதது. கெமராவைக் கழற்றி எங்கள் வகுப்பின் பக்கம் திருப்பினேன். ஒருவன் கம்பளத்தில் குப்புறப் படுத்திருந்தான். இரண்டு பேர் மேசைக்குக் கீழே. ஒருத்தி மேசைமேல் இருந்து அப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் மகள் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தாள்.

 அந்தப் பக்கம் கூரை பறக்கும் சத்தம். எல்லாரும் ஒருவருக்கொருவர் விரலால் காட்டினார்கள். ஒரு பையன் அப்பிள்காரியைப் பார்த்து, "மிஸ் அடிக்கமாட்டாவா?" என்று கேட்டான். அவள் வாய் நிறைய அப்பிளோடு, "ஏன் அடிக்கவேணும்?" என்று கேட்டாள். அதிலிருந்து எழுதி அனுப்பிய கேள்விகளை யாரும் தொடவில்லை. குளத்தில் முதலில் நீந்தப் பழகியது யார், யார் யாரைத் தள்ளிவிட்டது, ரோல்ஸுக்குள் என்ன இருக்கும், பனியைத் தின்றால் என்ன ருசி. முப்பது நிமிடம் நாற்பத்தைந்தாகியது. ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காவிட்டால் கையால் காட்டினார்கள்.

அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதிரையை விட்டு எழுந்து திரைக்குக் கிட்ட வந்து, படுத்திருந்தவனையும் மேசைக்குக் கீழே இருந்தவர்களையும் வெகுநேரம் பார்த்தார். கணித ஆசிரியரிடம் வங்காள மொழியில் இரண்டு வார்த்தை சொன்னார். இணைப்பு முடிந்தது.

"போச்சுது" என்றேன் அண்ணையிடம்.

"போனால் போகட்டும். கால் நோவாவது மிச்சம்" என்றார் அவர், யன்னலில் கொளுக்கியை மாட்டிக்கொண்டே.

ஆசிரியை தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் அவர் உட்கார்ந்ததைக் கண்டேன். "இரண்டு நாள். பத்து வயதுப் பிள்ளைகளை" என்றார். பிழை என்னுடையது, எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம் என்று சொன்னேன். "நான் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கலாமே" என்றார். இருவருமாக மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி அன்றே அனுப்பினோம். நடந்ததை நடந்தபடி எழுதினோம், காரணம் அதிகம் சொல்லவில்லை.

வெள்ளி, சனி அவர்களுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை, மில்லிக்கனில் அக்கா வீட்டில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. கணித ஆசிரியரின் மின்னஞ்சலை அப்படியே அனுப்பியிருந்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இரவு முழுவதும் கனடா வகுப்பைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். முறையிட்ட பெற்றோரில் ஒருவர் மறுபடியும் வந்து அடுத்தது எப்போது என்று கேட்டிருக்கிறார். அதிபர் இந்த வருடம் முழுவதற்கும் கையெழுத்திட்டுவிட்டார். ஒரு நிபந்தனை: அவர் திரைக்கு வரும்போது ரொறன்ரோப் பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொல்லவேண்டும்.

"டீல்!" என்று கத்தினாள் அக்காவின் மகள். அவள் கையிலிருந்த அப்பம் சட்டிக்குள் விழுந்தது.

மூன்றாவது வியாழன் எங்கள் வகுப்பு நான்கு வரிசையாக நின்றது. சப்பாத்துகள் எல்லாம் காலில் இருந்தன. அந்தப் பக்கம் பிள்ளைகள் வாங்குகளில் முட்டி மோதி இருந்தார்கள். அதிபர் வந்தார். எங்கள் வணக்கத்தை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், கைக்குட்டையை எடுத்தார், ஒரு கண்ணாடியைத் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மற்றதைத் துடைக்கத் தொடங்கினார்.

"சித்தி" என்று காதுக்குள் வந்தது. "ஹி இஸ் டூயிங் இட் ஒன் பர்ப்பஸ்."

"வாயை மூடிக்கொண்டு நில்லும்."

வாங்குகளில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது வரிசைச் சிறுமியின் தோள்கள் குலுங்கின. அதிபர் கண்ணாடியை மாட்டி, எங்கள் நான்கு வரிசையையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அவர் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"யூ மே சிட்" என்றார்.

முதலில் உட்கார்ந்தது எங்கள் ஆசிரியைதான்.