அக்கா எடுக்கச் சொன்னது காற்றை

எங்கள் அக்கா பத்மினி கடலைக் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டே, தானே கட்டிய பாட்டைப் பாடி வீடியோ போடுவாள். செங்கம் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சித்தப்பா மகன் அஜிதன்தான் அதில் காற்றிரைச்சலை நீக்கித் தருவான்.

போன வாரம் அப்படிப் போட்ட ஒரு வீடியோ முடங்கியது. அது வேறொருவர் பாட்டாம்.

"டேய் அஜி, என் பாட்டுக்கே தடையாடா?"

"அதெல்லாம் மெஷின் பண்றது, அக்கா. அப்பீல் போடு, சரியாயிடும்."

வீட்டில் முதல் பட்டதாரி நான். இங்கிலீஷில் நானே எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. அப்பீலைப் பார்த்து முடிவு சொல்வது மெஷின் இல்லையாம். பாட்டைத் தன் பேரில் பதிந்தவராம். அவர் மறுத்துவிட்டார். பெயர், அஜிதன்.

அக்கா இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"காத்தை மட்டும்தானே எடுக்கச் சொன்னேன்" என்றாள்.