முழங்காலுக்கு நடுவே ஒரு சொம்பு

எனக்குப் பதற்றம் வருவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. காரணம் இருந்தால் இன்னும் நன்றாக வரும், அவ்வளவுதான். முன்பெல்லாம் வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி பத்தடி. மூன்றாம் தடவை வந்து இழுக்கும்போது உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்கும்: "பூட்டு நல்லாத்தான் பூட்டியிருக்கு. நான் உள்ளே இருக்கேன், அதை மட்டும் கொஞ்சம் யோசிங்க."

நாங்கள் தளி ரோட்டில், மத்திகிரி தாண்டி, ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறோம். எனக்கு ஓசூரில் ஒரு புளி மண்டியில் எடை போடுகிற வேலை. மண்டி திறப்பது ஒன்பது மணிக்கு. அப்போது நான் பிடித்தது ஆறே முக்கால் பஸ். அதற்கு ஆறு மணிக்கே சாலையில் போய் நின்றுவிடுவேன், குடையோடு. மழையே எட்டிப் பார்க்காத மாசி மாதத்திலும் குடைதான். அந்த பஸ் ஏழுக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் நான் இல்லாத நாளாகப் பார்த்து அது நேரத்துக்கு வந்துவிட்டால்? அடுத்த பஸ்ஸிலும் ஒன்பதுக்குள் போய்விடலாம்தான். அது மத்திகிரியில் பஞ்சர் ஆகிவிட்டால்? இப்படியாக, மண்டி வாசல்படியில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, அந்த வீதி நாய்களுக்கெல்லாம் நான் பழக்கமானேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. அதுவரை பஸ்ஸுக்கும் பூட்டுக்கும் செலவழித்துவந்த பதற்றத்துக்கு அப்போதுதான் தகுந்த வேலை கிடைத்தது. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். அதனாலேயே அவள் விழித்துக்கொள்வாள்.

பிள்ளைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஓசூரிலிருந்து வந்த டாக்டர், மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது, பிள்ளையைப் பக்கத்தில் விடக்கூடாது, தாய்ப்பால் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"பசும்பாலைத் தண்ணி கலந்து காய்ச்சிக் குடுங்க. வீட்ல மாடு இருக்கில்ல?"

மாடு இருந்தது. அதுதான் சிக்கல்.

அது என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து வந்த மாடு. அவள் தளிப் பக்கத்துக் கன்னடக்காரி. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. மாட்டைத்தான் சொல்கிறேன். தினமும் விடியற்காலையில் அவள் அதனோடு கன்னடத்தில் ஏதோ வீட்டுக்கதை பேசிக்கொண்டே கறப்பாள். வேறு யார் கை பட்டாலும் அது பால் தராது. உதைப்பதோ முட்டுவதோ கிடையாது, நல்ல குடும்பத்து மாடு. இருக்கிற பாலையெல்லாம் மடிக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாதுவாக அசைபோட்டபடி நிற்கும்.

முதல் நாள் காலை கன்றை அவிழ்த்துவிட்டேன். அது நாலு இழுப்பு இழுத்தது, மடி சுரந்தது. கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, காம்பில் விளக்கெண்ணெய் தடவி, சொம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குழாயை மூடினாற்போல நின்றுபோயிற்று. கால் மணி நேரம் இழுத்ததில் சொம்பின் அடி நனைந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தார். தெலுங்குக்காரர், நாக்கில் மிளகாய் வைத்துக்கொண்டு பேசுகிறவர், பகலெல்லாம் எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். "நகருங்கண்ணா, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தார். அவருக்கும் அதே கதை. தன் வீட்டு எருமைப்பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை குடித்த வேகத்தில் கக்கியது, வயிற்றாலும் போயிற்று. ஊரில் மற்ற பசுக்களெல்லாம் வற்றிக் கிடந்தன. ஓசூரில் டப்பாப் பால் மாவு கேட்டேன். பெங்களூரிலிருந்து வரவேண்டும், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். நொய்க்கஞ்சியின் தண்ணீரை வடித்து ஊட்டி அன்றைய பொழுதை ஓட்டினோம்.

இரண்டாம் நாளும் அப்படியே. மனைவி படுத்திருந்த அறையின் ஜன்னல் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் திறக்கும். அங்கிருந்து காய்ச்சல் குரலில் சொன்னாள்: "ரீ, நிதானா. மெதுவா இழுங்க. பேசிட்டே கறங்க." ரீ என்றால் கன்னடத்தில் என்னங்க.

"என்ன பேசறது?"

"என்னமோ பேசுங்க. என்கிட்டப் பேசறதில்லையா?"

எனக்குத் தெரிந்த கன்னடம் சந்தைக் கன்னடம். "ஹால் கொடம்மா, பேக கொடம்மா" என்றேன். பால் கொடும்மா, சீக்கிரம் கொடும்மா. மாடு திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குப் போனது. மண்டிப் பாக்கி வசூலிக்க வந்தவன் என்று நினைத்திருக்கும்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் யோசனைகள் எல்லாம் பதற்றத்தில் உதிப்பவை, ஆகவே அவற்றின் தரம் ஒரே மாதிரி இருக்கும். கறக்கும்போது கட்டுகிற பழைய புடவை ஒன்றை மனைவி கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தாள். சாணமும் பாலும் அவள் வாசமும் கலந்த புடவை. அதை வேட்டிக்கு மேலேயே சுற்றி, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டு, மீசையை மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

மாடு முகர்ந்தது. என் தோளை நக்கிக்கூடக் கொடுத்தது. அப்பாடா என்று காம்பில் கை வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம்: "அய்யய்யோ, நீ எதுக்கும்மா எழுந்து வந்தே? காய்ச்சல் ஏறிடும், போய்ப் படு!" பக்கத்து வீட்டு அம்மா ஓடியே வந்துவிட்டார். நான் முந்தானையை விலக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஊரில் என்னை வணங்கியவர்கள் எல்லாரும் கொஞ்சம் அதிகப்படியான மரியாதையோடு வணங்கினார்கள்.

பால்? பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையில் ஒன்று. அதிலும் பாதி நுரை.

ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்: "ரீ, அங்கே என்ன கிணிகிணின்னு சத்தம்?"

"ஒன்னும் சத்தமில்லையே."

"சொம்பு. சொம்பு ஆடுது. உங்க முட்டி நடுங்குதா?"

கீழே பார்த்தேன். இரண்டு முழங்காலும் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. சொம்பின் விளிம்பு, மாட்டின் பின்னங்கால்களைப் பிணைத்திருந்த அணைக்கயிற்றின் வளையத்தில் இடித்து இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. புடவையைக் கண்டும் வாசத்தைக் கண்டும் நம்பிய மாடு, அந்தச் சத்தத்தை நம்பவில்லை.

மண்டியில் நான் இருபது வருஷமாகத் தராசு பிடிக்கிறவன். முள் ஆடும்போது எடை சொல்லக் கூடாது, நிற்கட்டும் என்று வண்டிக்காரர்களை அதட்டுகிறவன். என் முழங்காலை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நிற்கட்டும், நிற்கட்டும் என்று அதட்டினேன். இன்னும் வேகமாக ஆடியது.

நான்காம் நாள் விடிந்தபோது பிள்ளைக்கு அழச் சத்தம் வரவில்லை. வாயைத் திறக்கிறாள், முகம் சுருங்குகிறது, பூனைக்குட்டிபோல ஒரு கீச்சு. கன்னம் வற்றியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, என்னிடம் மிளகாய் இல்லாத குரலில் சொன்னார்: "இன்னிக்கு எப்படியாவது கொஞ்சம் கறந்துடுங்கண்ணா."

கொட்டகைக்குப் போனேன். புடவை கட்டவில்லை. கன்றை விட்டேன், பிடித்துக் கட்டினேன், உட்கார்ந்தேன். இழுத்தேன். ஒன்றுமில்லை. சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது ஆறே முக்காலுக்குச் சரியாக வந்தது. இத்தனை வருஷமாக எதற்கு பயந்தேனோ அது நடந்தேவிட்டது. நின்றது, மறுபடி ஹாரன் அடித்தது, எனக்காகத்தான். பிறகு போய்விட்டது.

அது போனதும் எனக்கு எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை. ஆடுகிற சொம்பைப் பிடித்துக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை. அதைத் தள்ளித் தரையில் வைத்தேன். மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தேன். உள்ளே பெரிய வீட்டில் யாரோ மாவு அரைப்பதுபோல ஒரு சத்தம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"எனக்கு ஒன்னும் ஓடலம்மா" என்றேன், தமிழில்தான். "பிள்ளை அழ மாட்டேங்குது. அவளுக்குக் காய்ச்சல் எறங்கலை. டாக்டர் போகும்போது என் மூஞ்சியைப் பாக்காம போனாரு, கவனிச்சியா? எனக்கு நாப்பத்து மூணு வயசு. இவ பெரியவளாகறப்போ எனக்குப் பல் இருக்குமா? முதலாளி இன்னிக்கு என்ன சொல்லுவாரோ. புளி வண்டியெல்லாம் வரிசையா வந்து நிக்கற மாசம். மேற்கு ஓரத்துல ஓடு ஒன்னு நகந்திருக்கு, மழை வந்தா அவ கட்டில் மேலதான் ஒழுகும்..."

பேசிக்கொண்டே, பழக்கத்தில், காம்பை நீவிக்கொண்டிருந்தேன். காலில் சுடச்சுட ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தேன். பால். தாரையாக, கட்டைவிரல் மேலே.

சொம்பு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

என்னை அறிந்தவர்களுக்கு அந்த நொடி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். துள்ளி எழுந்து, சொம்பை எத்தி, மாட்டை மிரட்டி, கன்றின் மேல் விழுந்திருக்க வேண்டும். உடம்பில் பாதி கிளம்பியும்விட்டது. மறு பாதி, எப்படியோ, பேச்சை நிறுத்தாமல் அதே குரலில் இழுத்துக்கொண்டு போனது: "சொம்பு அந்தாண்ட இருக்கும்மா... இருக்கட்டும்மா... காலை நீட்டி எடுக்கறேம்மா... நீ பாட்டுக்கு நில்லும்மா..." இடது காலை அங்குலம் அங்குலமாக நீட்டி, பெருவிரலால் சொம்பின் விளிம்பைக் கொக்கிபோட்டு, இழுத்தேன். அது மண்ணில் சறுக்கி வந்த நேரத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். வந்து சேர்ந்தது. முழங்காலுக்கு நடுவே இடுக்கினேன். சத்தம் இல்லை.

ஜன்னலிலிருந்து மெல்லிய குரல்: "நிறுத்தாதீங்க ரீ. பேசுங்க."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள், ஓடு வரைக்கும். வெட்கப்பட நேரமில்லை. பேசினேன். சொம்பு பாதியாகும்போது, ஆயுளில் முதல்தடவையாக என்னிடம் பயங்கள் தீர்ந்துபோயின. பிறகு சொந்தமாகக் கற்பனை செய்து சொன்னேன். தென்பெண்ணை வழி மாறி எங்கள் வாசலுக்கு வந்தால் என்ன செய்வது, மாட்டுக்கு நீந்தத் தெரியுமா, குடை எங்கே என்று. ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது, இருமலோடு.

பக்கத்து வீட்டு அம்மா பாலைக் காய்ச்சி, ஆற்றி, பாலாடையில் எடுத்தார். முதல் வாய் உதட்டோரம் வழிந்தது. இரண்டாம் வாய் இறங்கியது. ஐந்தாம் வாய்க்குப் பாலாடையைக் கையால் பிடித்து இழுத்தாள் என் மகள். குடித்து முடித்ததும் இன்னும் வேண்டும் என்று ஊரே கேட்கிறமாதிரி ஒரு அழுகை அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அடுத்த பஸ்ஸில் போனேன். முதலாளி அப்போதுதான் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தார். படியில் நாய்கள் மட்டும் இருந்ததைப் பார்த்துக் குழம்பிப்போயிருந்தார்போல. "என்னய்யா, இன்னிக்குச் சரியான நேரத்துக்கு வந்திருக்கே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

மூன்று வாரமும் நானே கறந்தேன். மனைவிக்குக் காய்ச்சல் இறங்கி, பத்தியக் கஞ்சி முடிந்து, ஒரு நாள் காலை அவள் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நான் உள்ளே பிள்ளையின் மூக்கின் கீழ் விரல் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"ரீ, இங்கே வாங்க. என்ன மந்திரம் போட்டீங்க என் மாட்டுக்கு? எனக்கே தரமாட்டேங்குது!"

போனேன். மாடு என்னைப் பார்த்துக் காதை ஆட்டியது. தலைமாட்டில் நின்று, பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தேன். சொம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது.

இப்போதும் அதே ஏற்பாடுதான். அவள் கறக்கிறாள், நான் நின்று புலம்புகிறேன். அவளுக்கு அது கேட்டுச் சலித்துப்போயிற்று, மாட்டுக்குச் சலிக்கவில்லை. புலம்பி முடித்து நிதானமாகக் கிளம்பி, இரண்டாவது பஸ்ஸுக்குப் போகிறேன். குடை மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. பூட்டையும் ஒரே தடவைதான் இழுத்துப் பார்க்கிறேன், சில நாள் இரண்டு.

மகள் இந்த வருஷம் முதல் வகுப்பு. தினமும் காலையில் டம்ளரும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நிற்பாள். நேற்று நான் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னை அதட்டினாள்:

"அப்பா, சீக்கிரம் வந்து பயப்படுப்பா. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."