முதல் காயை எறியாதவர்

கீரை டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்ல. முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு மொட்டைமாடியில் பத்துத் தொட்டி வைத்தார், பத்து நாற்பதாயிற்று, ஞாயிறுதோறும் அங்கேயே வகுப்பும் ஆரம்பித்தார். ஒரு சாண் ஆழத்தில் விதையைப் புதைக்கிறவர்கள், நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்றிச் செடியை அழுகவைக்கிறவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் அவருக்கு வேண்டும். தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

அவரிடம் கறாரான ஒரு விதி உண்டு. முதல் காயை எறியக்கூடாது. கோணலோ கசப்போ, சமைத்துச் சாப்பிட்டே தீர வேண்டும். முதல் காய்க்கே முகம் சுளித்தால் தொட்டி மூலைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. "பெத்த பிள்ளைக்கு மூக்கு சப்பைன்னு தெருவுல விட்டுட்டு வருவீங்களா?" என்று ஒரு போடு போடுவார்.

அன்று காலை, தன் கொடியின் முதல் சுரைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கணவர் ஒரு துண்டை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் குழாயடிக்கு ஓடித் துப்பினார்.

"என்னம்மா இது, வாயில வைக்க முடியல."

"உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு" என்றபடி டீச்சர் நுனிநாக்கில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், கத்தி கையிலிருந்து நழுவிற்று.

கசக்கும் சுரைக்காய் விஷம். அது அவருக்குத் தெரியும். தன் கொடி ஒருநாளும் கசந்ததில்லை என்ற மிதப்பில் வகுப்பில் அதைச் சொல்லவே இல்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் ஒரு சுரைக்கொடி ஏற்றியிருந்தார். தின்பதற்கல்ல, காயவைத்துப் பறவைக்கூடு செய்வதற்கு, ஒரே கசப்பு. அந்தப் பூவில் உட்கார்ந்த பூச்சி இந்தப் பூவில் உட்காராமலா இருந்திருக்கும்? போன வருஷக் காய் நன்றாகத்தான் இருந்தது. கெடுதல் விதைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த விதையைத்தான் டீச்சர் பொட்டலம் கட்டிப் பதினான்கு பேருக்குக் கொடுத்திருந்தார், முதல் காயை எறியாதே என்ற உத்தரவோடு.

ஃபோனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒன்பது பேர் கொடியில் இன்னும் பிஞ்சுதான். நான்கு பேர், "அமிர்தமா இருக்கு டீச்சர்" என்று போன வாரமே சமைத்த படத்தை அனுப்பியவர்கள். அவர்களில் மருந்துக்கடைக்காரியை முதலில் கேட்டார்.

"நெஜமாவே அந்தச் சுரைக்காயைச் சாப்பிட்டியா?"

"திட்டாதீங்க டீச்சர்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "ஒரு வாய்கூடத் தாங்கல. குப்பையில போட்டுட்டு, கடையில வாங்கினதைச் சமைச்சுப் படம் எடுத்தேன்."

நாலு பேரிடமும் அதே கதை. தன்னை ஏமாற்றியவர்களுக்கு டீச்சர் நன்றி சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மிச்சம் தையற்காரர். அவர் ஃபோனை எடுக்கவில்லை. தனிக்கட்டை. டீச்சர் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்கிற மனிதர். கடைக்கு ஓடினால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது.

"விடியக்காலையில வாந்தியா எடுத்தார். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்," என்றார் பக்கத்துச் சலூன்காரர்.

தையற்காரர் கட்டிலில் கிழிந்த நாராகக் கிடந்தார். கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "ரத்த வாந்தி. இப்ப பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருந்தா சொல்றதுக்கில்ல," என்றாள் நர்ஸ்.

"கசந்துச்சுல்ல அண்ணே. ஏன் துப்பல?"

"என் கைப்பக்குவம் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன் டீச்சர். பாதிக்கு மேல முடியல, கோவிச்சுக்காதீங்க. மிச்சத்தை எறியல. ஃப்ரிட்ஜுல மூடி வச்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் முடிச்சிடுறேன்."

டீச்சர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தார்.

"வீட்டுச் சாவி எங்கண்ணே?"

"தலையணைக்குக் கீழ. எதுக்கு டீச்சர்?"

"தப்பு உங்க கையில இல்ல. என் விதையில, என் வாயில. முதல் காயை எறியலாம்ணே. நான் போய் எறிஞ்சிட்டு வரேன்."

தையற்காரர் சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஊசி ஏறாத கையால் சட்டைப்பையைத் துழாவினார்.

"நோட்டைக் காணோம் டீச்சர்," என்றார். "எறியலாம்னு எழுதிக்கணும்."