வலிக்காத பாதம்

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்தோம். கொதிக்கும் தார்ச்சாலையில் நாங்களெல்லாம் ஓரத்துப் புல்லைத் தேட, என் கணவர் மட்டும் வெறுங்காலோடு நடுவே நடந்தார். "அண்ணனுக்கு முருகன் அருள் அம்புட்டு இருக்கு" என்று குழுவினர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

ஒட்டன்சத்திரம் தண்ணீர்ப் பந்தலில் அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கக் குனிந்தேன். உள்ளங்காலில் ஓர் ஆணி முழுதாக ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"எங்க?" என்றார்.

எங்கள் குருசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆணியையும் பூவாக்கிட்டான் முருகன். மலையேறுனா சரியாயிரும்மா."

எனக்கு வந்ததே கோபம். "அவருக்கு சுகர் இருக்கு சாமி. காலு செத்துக் கெடக்கு, நீங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க" என்று கத்திவிட்டு, கணவரைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றினேன்.

பாதத்தின் தோலிலிருந்து சேதி சொல்லும் நரம்புகளைச் சர்க்கரை எப்போதோ அரித்துவிட்டது என்றார் டாக்டர். காலைக் காப்பாற்ற இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

குழுவில் இன்றும் அதை அற்புதம் என்றே சொல்கிறார்கள். மறு வருடம் மாலையோடு வீட்டுக்கு வந்து அவர் காலில் விழப்போனார்கள். நான் குறுக்கே நின்றேன்.

"அந்தப் பாதத்துக்கு நீங்க தொடுறதுகூடத் தெரியாது" என்றேன்.