உண்ணாமலை குணமான செய்தி

உண்ணாமலை என்பது நான் வைத்த பெயர். ஊரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. உடையார்பாளையம் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவரை ஒருமுறை நான் ஊரறியக் காட்டியதே போதும்.

அக்கா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளராக இருந்தார். நாற்பத்து மூன்று வயது. புருஷன் அய்யம்பெருமாள் ஆடு மேய்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். அறுபத்திரண்டு பிள்ளைகளில் யாருக்கு முட்டையில் மஞ்சள் கரு பிடிக்காது, யார் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது என்பது வரை அக்காவுக்குத் தெரியும். அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளையின் தட்டில் கரண்டி கொஞ்சம் தாராளமாகவே சாயும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், விடாத இருமலோடு எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. நான் அங்கே நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒப்பந்த ஊழியர். பூலாம்பாடிக்காரி, பெயர் ஹேமலதா. அக்கா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, இந்தப் பொட்டியில ஏத்துனா யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான்க்கா."

"பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா என் சோத்த யாரும் தொட மாட்டாங்க."

"யாருக்கும் தெரியாதுக்கா. அதான் நான் சொல்றேன்ல."

கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊரில் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் செட்டிகுளத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தார். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே வேலைக்குத் திரும்பினார். ஆறு மாதமும் ஒரு வேளை மாத்திரையைக்கூட விட்டதில்லை. முப்பத்தெட்டு கிலோவில் வந்தவர் நாற்பத்தொன்பது கிலோவில் சிகிச்சையை முடித்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு டாஷ்போர்டு வந்தது. அதுவரை யார் மருந்தை விட்டார் என்று பார்க்க அட்டை கிழிந்த ரிஜிஸ்டர்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தோம். இப்போது நான் அதுவரை ஏற்றிய விவரமெல்லாம் சேர்ந்து, திரையைத் திறந்தால் ஒன்றியத்தின் வரைபடம். அதில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு புள்ளி. மருந்து சாப்பிடுகிறவர் சிவப்பு, இடையில் விட்டவர் மஞ்சள், குணமானவர் பச்சை. புள்ளியைத் தொட்டால் அந்த ஆளின் விவரம் முழுக்க விரியும். நல்ல ஏற்பாடுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மஞ்சளைப் பார்த்த அன்றைக்கே போன் போட்டு, பதினோரு பேரைத் திரும்ப மருந்துக்கு இழுத்து வந்திருக்கிறேன்.

போன வருஷம் மார்ச்சில் அந்த ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். எங்கள் டாக்டர் சுதர்சனுக்கு வயது முப்பதுகூட இருக்காது. "ஜனங்களுக்குப் பயம் போகணும் ஹேமலதா. இது குணமாகுற நோய்னு கண்ணால பாக்கட்டும்" என்று சொல்லி, புரொஜெக்டரோடு என்னையும் அழைத்துப் போனார்.

கூட்டங்களில் காட்டுவதற்கென்று தனி லாகின் உண்டு. அதில் பெயர் வராது. அன்றைக்கு அது பாஸ்வேர்டை ஏற்கவில்லை. நாலு முறை அடித்துப் பார்த்தேன். ஜனங்கள் காத்திருந்தார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் சொந்த லாகினில் நுழைந்தேன்.

கூட்டத்துக்குச் சுண்டல் கிண்டியது உண்ணாமலை அக்காதான். எல்லோருக்கும் தொன்னையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் சுவரோரமாக நின்றிருந்தார்.

"உங்க ஊர்ல ஏழு பேருக்கு இந்த நோய் வந்துச்சு. ஏழு பேருமே குணமாயிட்டாங்க. பாருங்க, ஏழும் பச்சை" என்றார் டாக்டர். கைதட்டினார்கள்.

வார்டு உறுப்பினர் தமிழரசன் எழுந்தார். "அந்தப் பச்சையத் தொட்டா என்னங்க சார் வரும்?"

"எத்தன நாள் மருந்து சாப்புட்டாங்க, எவ்வளவு வெயிட் கூடுனாங்க, எல்லாம் வரும். ஒண்ணத் தொட்டுக் காட்டும்மா."

டாக்டர் அதைப் பெயர் வராத லாகின் என்றே நினைத்திருந்தார். என் லாகின் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கைதட்டல் கேட்ட சந்தோஷத்தில் யோசிக்காமல் தொட்டுவிட்டேன்.

அக்காவின் பெயர், வயது, புருஷன் பெயர், தெரு, வேலை, சளி முடிவு, எடை ஏறிய கோடு. நான் பதறி மூடுவதற்குள் மூன்று நான்கு நொடி போய்விட்டது. சுவர் அகலத்துக்கு இருந்தன எழுத்துகள்.

முன்வரிசையில் ஒரு பெண் தன் தொன்னையைக் காலடியில் வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். அப்புறம் வரிசையாக. நான் நிமிர்ந்து பார்த்தபோது சுவரோரம் அக்கா இல்லை.

திங்கட்கிழமை அறுபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் சத்துணவு சாப்பிட்டார்கள். மற்றவர்கள் டிபன் பாக்ஸோடு வந்திருந்தார்கள். தலைமையாசிரியை பஞ்சவர்ணம் நல்லவர்தான். "கொஞ்ச நாளைக்கு லீவு போடு உண்ணாமல. தானா அடங்கிடும்" என்று சொல்லியிருக்கிறார்.

"குணமாயிட்டேன்னு சொல்லத்தான டீச்சர் பச்ச போட்டுருக்காங்க?" என்று அக்கா கேட்டாராம்.

புதன்கிழமை டாக்டர் பள்ளிக்கே போனார். நானும் போனேன். நோய் முழுசாகப் போய்விட்டது, இவர் கையால் சாப்பிட்டால் ஒன்றும் வராது என்று அரைமணி நேரம் விளக்கினார்.

"அப்ப நீங்க மொதல்ல சாப்புடுங்க சார்" என்றாள் ஒரு தாய்.

சாப்பிட்டார். எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, அக்கா போட்ட சாம்பார் சாதத்தைத் தட்டு காலியாகும் வரை சாப்பிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அவருக்கென்ன, மருந்து கையிலயே இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் ஏழு பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அக்காவை இன்னொரு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். அவருக்கு முன்னால் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று மேலே எழுதி முடித்துவிட்டார்கள். இப்போது எந்த லாகினில் போனாலும் பெயர் வருவதில்லை, எண்தான் வருகிறது.

ஐந்து மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டை எண்ணெய் பட்டு உள்ளங்கை கறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"நான் வேணும்னு செய்யலக்கா" என்றேன்.

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா நாலு வார்த்த திட்டியாவது ஆத்திக்கிட்டிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல."

அடுத்த கொட்டையை எடுத்து உடைத்தார். கடைசியில், "கெளம்பு. மேஸ்திரி பாக்குறாரு" என்றார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்த ஊரிலிருந்து ஒருவர்கூடச் சளிப் பரிசோதனைக்கு வரவில்லை. முன்பு மாதம் நாலைந்து பேர் வருவார்கள். மூன்று வாரமாக இருமுகிறார் என்று கேள்விப்பட்டு ஒருவருக்குப் போன் போட்டேன். "என் பேரையும் செவுத்துல போடணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பரிசோதனைக்கு ஆள் வராததால் புது நோயாளியும் இல்லை. அதனால் அந்த ஊர் இந்த வருஷம் காசநோய் இல்லாத ஊர் என்ற சான்றிதழுக்குத் தகுதி பெற்றுவிட்டது. விண்ணப்பத்தில் 'புதிய நோயாளிகள்: இல்லை' என்று அடித்தது நான்தான். டாக்டர் அதை வாங்கிப் படித்தார். பேனாவைத் திறக்காமல் இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.